படம் வந்து சேந்துருச்சு, பாக்குறவங்ககிட்ட யாரு சொல்றது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். டிஜிட்டல் வந்துட்டதால சின்னப் படம் எடுக்குறவங்களுக்கு இனி டிஸ்ட்ரிபியூட்டரே தேவையில்ல, கையில ஒரு போன் இருந்தா எடுத்துடலாம், எடுத்தத ஏத்திவிட்டா உலகமே பாக்கும்னு போட்டிருந்தீங்க. படிச்சதுல இருந்து ரெண்டு நாளா மனசுல அதேதான் ஓடிக்கிட்டு இருக்கு, சரி எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். நான் படம் எடுக்குறவன் இல்ல, எடுத்த படத்த கொண்டுபோய் சேக்குற வேலை பாக்குறவன். பெரிய கம்பெனி பணம் இல்லாம எடுக்குற இண்டிபெண்டென்ட் படங்களுக்கு சப்டைட்டில் போடுறது, தியேட்டர் சர்வர்ல ஓடுற டிசிபி-ங்குற டிஜிட்டல் காப்பிய பண்ணிக் குடுக்குறது, ஓடிடி காரங்க கேக்குற ஃபைல் எல்லாம் தயார் பண்ணி அனுப்புறது, 15 வருஷமா இதுதான் என் வேலை. அதனால நீங்க சொன்னதுல பாதி எவ்வளவு நெசம்னு எனக்குத் தெரியும், மீதி பாதி எங்க உதைக்குதுன்னும் தெரியும்.

நெசமான பாதிய முதல்ல சொல்லிடுறேன். 35 எம்எம் காலத்துல ஒரு படம் தியேட்டருக்குப் போகணும்னா அது ஒரு சாமானா போகணும். நொடிக்கு 24 ஃபிரேம், நிமிஷத்துக்கு 90 அடி ஃபிலிம் ஓடும், அப்ப ஒன்றரை மணி நேரப் படம்னா 8,100 அடி. 2,000 அடி ரீல்ல சுத்துனா அஞ்சு ரீல், பொட்டிய ஒரு ஆள் தூக்க மூச்சு வாங்கும். ஒரு பிரிண்ட் போட ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். பெரிய கம்பெனி ஆயிரக்கணக்குல பிரிண்ட் போட்டு எல்லா ஊர்லயும் ஒரே வெள்ளிக்கிழமை இறக்கிடும், சின்னப் படத்துக்கு நாலோ அஞ்சோ பிரிண்ட்தான், ஒரு ஊர்ல ஓடி முடிஞ்சாத்தான் பொட்டி அடுத்த ஊருக்குப் போகும், கடைசி ஊருக்குப் போறப்ப படம் முழுக்க மழை பேஞ்சுக்கிட்டு இருக்கும். அந்தக் கடைசி ஊர்க்காரங்களுக்கு அப்பவே ஒரு ஓரவஞ்சனை நடந்துச்சு, அவங்க பாத்தது டைரக்டர் எடுத்த படமே இல்ல, அதோட கீறல் விழுந்த மிச்சம். இன்னைக்கு அந்தக் கொடுமை கிடையாது, பெரிய நகரத்து ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதேதான் சின்ன ஊர்லயும் தெரியும். இத நான் மனசாரச் சொல்றேன், டிஜிட்டல் செஞ்ச நல்லதுல இது ரொம்பப் பெருசு.

ஆனா இந்த மாற்றம் தானா வந்ததில்ல, அத யாரு எதுக்காகக் கொண்டுவந்தாங்கன்னு உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல. 2002-ல டிஸ்னி, வார்னர், சோனி மாதிரி ஏழு ஹாலிவுட் ஸ்டுடியோ ஒண்ணு சேந்து டிசிஐ-ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, 2005-ல டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் இப்படித்தான் இருக்கணும்னு ஒரு வரைமுறை வெளியிட்டாங்க. படம் எந்த ஃபார்மட்ல இருக்கணும், எப்படிப் பூட்டணும், எந்த சர்வர் அதத் தொறக்கலாம், எல்லாமே அதுல இருக்கு. அதுக்கப்புறம் வேகமா நடந்துச்சு, 2013-ல ஃபியூஜிஃபிலிம் சினிமா ஃபிலிம் தயாரிக்கிறத பெரும்பாலும் நிறுத்துனாங்க, 2014-ல பாராமவுண்ட் அமெரிக்காவுல 35 எம்எம் பிரிண்ட் அனுப்புறத நிறுத்துனாங்க. புது புரொஜெக்டர் வாங்கத் தியேட்டர்காரங்ககிட்ட காசு இல்ல, அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ. பிரிண்ட் செலவு மிச்சமாகுற டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு ஸ்கிரீன்ல படம் போடுறப்பவும் சில நூறு டாலர் கட்டணும், அந்தப் பணத்துல புரொஜெக்டர் கடன் அடையும். ஆயிரம் ஸ்கிரீன்ல போடுறவங்களுக்கு இது லாபம். ஒரே பிரிண்ட்ட பத்து ஊர்ல சுத்தவிட்டு ஓட்டுனவங்களுக்கு? பத்து ஊருக்கும் பத்து தடவ ஃபீ. பிரிண்ட் செலவு போச்சுன்னு சொன்னாங்க, சின்னவங்களுக்கு அது வேற பேர்ல வந்து வாசல்ல நின்னுச்சு. புரொஜெக்டர் மாத்த முடியாத சின்னத் தியேட்டர்கள் சிலது மூடிட்டாங்க, சிலர் ரசிகர்கள்கிட்ட கிரவுட் ஃபண்டிங்ல காசு வசூல் பண்ணி மாத்துனாங்க. சின்னப் படம் போடுறதே அந்தத் தியேட்டருங்கதான், அத மறந்துடாதீங்க.

ஒரு ராத்திரி நடந்தத சொல்றேன். ஒரு திரைப்பட விழா, நாங்க வேலை பாத்த படத்துக்கு சாயங்காலம் ஏழு மணி ஷோ. ஹார்ட் டிஸ்க் மூணு நாள் முன்னாடியே போயாச்சு, ஃபைல் சர்வர்ல ஏத்தியாச்சு, ஹால் கிட்டத்தட்ட நெறஞ்சிருச்சு. ஏழு அஞ்சு ஆச்சு, லைட் அணையல. நான் மேல கேபினுக்கு ஓடுனேன். ஆபரேட்டர் ஸ்கிரீன காட்டுறாரு, எங்க படத்தோட பேருக்குப் பக்கத்துல ஒரு பூட்டு படம். கேடிஎம்-னு ஒண்ணு இருக்குங்க, டிசிபி-ய தொறக்குற டிஜிட்டல் சாவி. அது ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், இந்தத் தேதி இந்த நேரத்துல இருந்து அந்த நேரம் வரைக்கும்னு போட்டு வரும், அதுக்கு முன்னாடியும் தொறக்காது, பின்னாடியும் தொறக்காது. சாவி போட்ட லேப்ல யாரோ அந்த ஊர் நேரத்தையும் யுடிசி-ங்குற உலகப் பொது நேரத்தையும் மாத்திப் போட்டுட்டாங்க, எங்க சாவி ராத்திரி பன்னெண்டரைக்குத்தான் உசுரு பெறும். லேப்புக்கு போன் மேல போன், புது சாவி மெயில்ல வந்து, அத பென் டிரைவ்ல காப்பி பண்ணி, சர்வர்ல ஏத்தி, படம் ஆரம்பிக்க 50 நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள மூணுல ஒரு பங்கு ஆளு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அந்தப் படத்த டைரக்ட் பண்ணுன பொண்ணு கதவுகிட்ட நின்னுக்கிட்டு போறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஸாரி சொல்லிக்கிட்டு இருந்தத நான் இன்னும் மறக்கல. அந்த ஆபரேட்டர் ஃபிலிம் காலத்து ஆளு, அவரு சொன்னாரு, தம்பி, ரீல் இருந்தா அறுந்தா கூட ஒட்டிப் போட்டு ஓட்டிருவேன், இதுல நான் என்ன பண்றதுன்னு. அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து யோசிச்சப்பதான் உறைச்சுது, இந்தப் பூட்டு பெரிய ஸ்டுடியோ படம் திருட்டுப் போகக் கூடாதுன்னு கண்டுபிடிச்சது. எங்க படத்த யாரு திருடப் போறாங்க, எங்களுக்கு இருக்குற பயமெல்லாம் யாரும் பாக்காம போயிடுமோங்குறதுதான். அதுல இருந்து விழாவுக்கு அனுப்புற சின்னப் படங்களுக்கு நான் பூட்டே போடுறதில்ல. பூட்டு இல்லாத டிசிபி எல்லா சர்வர்லயும் ஓடும், அத பண்ண டிசிபி-ஓ-மேட்டிக்னு இலவச சாஃப்ட்வேரே இருக்கு, சாதாரண கம்ப்யூட்டர்ல பண்ணிடலாம். இந்த ஒரு விஷயம் தெரியாம லேப்ல கொண்டுபோய்க் காசு கொட்டுற பசங்கள நான் இன்னும் பாக்குறேன்.

சரி, இன்டர்நெட் பக்கம் வருவோம். 1999-ல தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட் வந்துச்சு, ஒரு சாதாரண வீடியோ கேமராவும் 16 எம்எம் கேமராவும் வெச்சு எடுத்த படம், ஒரு வெப்சைட் வெச்சே இது உண்மையா நடந்ததுங்குற மாதிரி பேச்ச கெளப்பிவிட்டாங்க, உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணுச்சு. எல்லாரும் அந்த வசூலத்தான் பேசுவாங்க, எனக்கு அதவிட முக்கியமாப் படுறது ஃபோர் ஐட் மான்ஸ்டர்ஸ்னு 2005-ல வந்த படம். ஒரு இளம் ஜோடி எடுத்தது, வாங்க டிஸ்ட்ரிபியூட்டர் யாரும் வரல. அவங்க படம் எடுத்த கதைய குட்டிக் குட்டி வீடியோவா போட ஆரம்பிச்சாங்க, பாத்துப் புடிச்சவங்ககிட்ட உங்க ஊரு பின்கோடு போடுங்கன்னு கேட்டாங்க, எந்த ஊர்ல இருந்து கோரிக்கை நெறைய வந்துச்சோ அந்த ஊரு தியேட்டர்காரங்ககிட்ட போயி, பாருங்க உங்க ஊர்ல இவ்வளவு பேரு கேக்குறாங்கன்னு காட்டிப் படத்தப் போட்டாங்க. அப்புறம் 2007-ல முழுப் படத்தையும் யூடியூப்ல ஏத்திட்டாங்க. இதுல நடந்தது என்னன்னு பாருங்க, டிஸ்ட்ரிபியூட்டர் செய்ய வேண்டிய வேலைய ஆடியன்ஸே செஞ்சாங்க. யாரு பாப்பாங்கன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டு படத்த எடுத்துட்டுப் போறது, பழைய காலத்துல ஒருத்தருக்கும் வாய்க்காத விஷயம் அது.

இன்னொண்ணு நினா பேலி கதை. கிட்டத்தட்ட ஒத்த ஆளா வீட்டு கம்ப்யூட்டர்ல உக்காந்து ராமாயணத்துல சீதைய வெச்சு ஒரு அனிமேஷன் படம் பண்ணுனாங்க, 2008-ல பெர்லின் விழாவுல காட்டுனாங்க. படத்துல 1920-கள்ல பாடுன பழைய பாட்டுங்க, அதோட உரிமைக்கு மட்டும் 50,000 டாலர் ஆச்சு, கடன் வாங்கித்தான் கட்டுனாங்க. கட்டிட்டு என்ன பண்ணுனாங்க தெரியுமா, படத்த கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல எல்லாருக்கும் இலவசமா விட்டுட்டாங்க, யாரு வேணா டவுன்லோட் பண்ணலாம், யாரு வேணா ஊர்ல திரை கட்டிப் போட்டுக் காட்டலாம். டிவிடி, டொனேஷன், பொருட்கள் இப்படித்தான் பணம் வந்துச்சு. எல்லாராலயும் இப்படிப் பண்ண முடியாது, வீட்டு வாடகை கட்டணும்ல. ஆனா படம் தானா பரவுறப்ப அதுக்கு ஒரு பலம் வருதுங்குறது அதுல தெரிஞ்சுச்சு.

இதெல்லாம் 2010-க்கு முன்னாடி. அந்தக் காலத்துல எல்லாரும் பேசுன ஒரு வார்த்தை லாங் டெயில், நீண்ட வால்னு வெச்சுக்குங்க. கடை அலமாரியில இடம் கம்மி, அதனால ஹிட் படம் மட்டும் வெப்பாங்க, ஆன்லைன்ல அலமாரிக்கு முடிவே இல்ல, அதனால சின்னப் படம் கொஞ்சம் கொஞ்சமா வித்து மொத்தத்துல பெருசாகும்னு 2004-ல கிறிஸ் ஆண்டர்சன் வயர்ட் பத்திரிகையில எழுதுனாரு. நானும் நம்புனேன், என்னோட வேலை பாத்த எல்லாரும் நம்புனாங்க. ஆனா வால் நீளமாச்சே தவிர, வால்ல யாரும் வந்து நிக்கல. அலமாரி பெருசானா போதாது, அந்த அலமாரியில இந்த எடத்துல இந்தப் படம் இருக்குன்னு யாராவது கையப் புடிச்சுக் காட்டணும்.

அலமாரிக்குள்ள போறதே ஒரு தனிக் கதை. பெரும்பாலான பெரிய பிளாட்ஃபார்ம்ல ஒத்த ஆளு நேராப் போயி படம் குடுக்க முடியாது, நடுவுல அக்ரிகேட்டர்னு ஒரு கம்பெனி வேணும். நாங்க ஒரு படத்துக்கு அப்படி ஒரு கம்பெனிக்கு முன்பணம் கட்டுனோம், அவங்க நாலஞ்சு ஸ்டோர்ல ஏத்தி விட்டாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ கணக்கு வரும்னாங்க. ரெண்டு தடவ வந்துச்சு. மூணாவது தடவ வரல, மெயில் போட்டா பதில் இல்ல, அப்புறம் மெயிலே திரும்பி வர ஆரம்பிச்சுது, கம்பெனி மூடியாச்சு. படம் மட்டும் ஸ்டோர்ல ஜம்முனு இருக்கு, ஆளுங்க காசு குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்காங்க, காசு எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியல. ஸ்டோர்காரங்ககிட்ட கேட்டா எங்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்ல, அவங்ககிட்ட கேளுங்கன்னு சொல்றாங்க. கடைசியில படத்த எறக்கி, வேற வழியா மறுபடி ஏத்துறதுக்கு எட்டு மாசம் ஆச்சு. மறுபடி ஏறுனப்ப பழைய ரேட்டிங், ஜனங்க எழுதுன ரிவ்யூ எல்லாம் போச்சு, பூஜ்யத்துல இருந்து ஆரம்பம். பணம் போனதுகூட ஆறிப்போச்சுங்க. முன்னப்பின்ன தெரியாத 200 பேரு உக்காந்து அந்தப் படத்தப் பத்தி எழுதுனது ஒரே நாள்ல இல்லாம போனதுதான் டைரக்டருக்குத் தாங்கல.

அமேசான் பிரைம்ல ஒரு காலத்துல யாரு வேணா நேரா படம் ஏத்தலாம்னு வழி இருந்துச்சு. ஒரு மணி நேரம் ஒருத்தர் பாத்தா சில சென்ட் காசு, அதுவும் போகப் போகக் கொறஞ்சுது. 2021-ல டாக்குமெண்டரியும் குறும்படமும் இனி அந்த வழியா எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. தொறந்த கதவு மூடுறதுக்கு ஒரு அறிவிப்பு போதும், யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மேல எனக்கு ஆயிரம் கோவம் உண்டு, ஆனா அவருகிட்ட நேர்ல போயி சத்தம் போடலாம்.

கணக்கு விஷயமும் சொல்லணும். தியேட்டர்ல எத்தன டிக்கெட் போச்சுன்னு ஒரு நம்பர் இருக்கும், அதுல ஏமாத்து வேலை நடந்தா கூட சண்ட போட ஒரு நம்பர் இருக்கும். ஸ்ட்ரீமிங்ல பல வருஷம் அதுவும் இல்ல, ஒரு தொகை குடுத்து படத்த வாங்கிட்டாங்கன்னா, அப்புறம் பத்து பேரு பாத்தாங்களா பத்து லட்சம் பேரு பாத்தாங்களான்னு எடுத்தவருக்கே தெரியாது. அடுத்த படத்துக்கு ஒரு புரொடியூசர்கிட்ட போயி உக்காந்தா, போன படம் எப்படிப் போச்சுன்னு கேப்பாரு, என்னத்தச் சொல்றது? 2023 டிசம்பர்ல நெட்ஃபிளிக்ஸ் மொத தடவையா ஒரு பெரிய பட்டியல் வெளியிட்டாங்க, 18,000-க்கு மேல டைட்டில், அந்த வருஷத்தோட மொத ஆறு மாசத்துல எது எத்தன மணி நேரம் பாத்தாங்கன்னு. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனா 50,000 மணி நேரத்துக்கு மேல பாத்தது மட்டும்தான் அதுல இருக்கு. சின்னப் படத்துக்காரருக்கு 40,000 மணி நேரம்ங்குறது எவ்வளவு பெரிய சேதி தெரியுமா? அத யாரும் சொல்ல மாட்டாங்க. மத்தவங்களுக்குச் சொல்லாட்டி போகட்டும், எடுத்தவருக்கு அவரு படத்தோட கணக்கு வேணும், இது சலுகை இல்ல, அவரோட உரிமை.

இனி ஆடியன்ஸ். உங்க கட்டுரையில இவங்களப் பத்தி ரெண்டே வரி, இப்ப யாருக்கும் பொறுமை இல்ல, எல்லாரும் போன்ல ஓட்டி ஓட்டிப் பாக்குறாங்கன்னு முடிச்சிட்டீங்க. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நெனச்சேன். நாங்க வேலை பாத்த ஒரு படம் ஒரு அம்மா கதவோரமா உக்காந்து யாருக்கோ காத்துக்கிட்டு இருக்குற ஷாட்ல ஆரம்பிக்கும். மூணு நிமிஷம், கட்டே இல்ல, வெளிய வண்டி போற சத்தம் மட்டும் வரும், ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவோட விரல் கதவு மேல லேசா அசையும். தியேட்டர்ல அந்த ஷாட் ஓடுறப்ப மூச்சு விடுற சத்தம் கேக்கும், அவ்வளவு அமைதியா இருப்பாங்க. அதே படம் யூடியூப்ல போனப்ப, எந்த நிமிஷத்துல எத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு காட்டுற கிராஃப் இருக்குல்ல, அத தொறந்து பாத்தோம். மொத ஒண்ணரை நிமிஷத்துல பாதிக்கு மேல காலி. கோடு அப்படியே கெணத்துல விழுந்த மாதிரி எறங்குது. டைரக்டர் ஆடிப்போயிட்டாரு, அந்த ஷாட்ட வெட்டிட்டு மறுபடி ஏத்தலாமான்னு கேட்டாரு. நான்தான் கொஞ்சம் பொறுங்க, மிச்ச கிராஃபையும் பாருங்கன்னு சொன்னேன். மூணாவது நிமிஷத்த தாண்டி வந்தவங்க கோடு அப்புறம் எறங்கவே இல்ல, கிட்டத்தட்ட நேரா கடைசி வரைக்கும் போகுது. அப்ப அந்த ஷாட் ஒரு வாசப்படி மாதிரி வேலை செஞ்சிருக்கு, இது எனக்கான படம் இல்லன்னு தெரிஞ்சவங்க போயிட்டாங்க, உள்ள வந்தவங்க உக்காந்துட்டாங்க. நாங்க வெட்டல. ஆனா எத்தன டைரக்டர் அந்த விழுற கோட்ட மட்டும் பாத்துட்டு வெட்டியிருப்பாங்கன்னு நெனச்சா பயமா இருக்கு. கிராஃப் பாத்து எடிட் பண்ற காலம் வந்துருச்சு, அதுல இண்டிபெண்டென்ட் படம் தன்னோட மொதல் பத்து நிமிஷத்த மெல்ல மெல்ல எழந்துக்கிட்டு இருக்கு.

போன்ல பாக்குறவங்கள நான் கொறவா நெனச்சத மாத்துனது ஒரு மெசேஜ். ராத்திரி ஷிஃப்ட் வேலை பாக்குற ஒருத்தர், அதே படத்த மூணு ராத்திரி, கெடைக்கிற இருபது முப்பது நிமிஷ பிரேக்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு பாத்து முடிச்சிருக்காரு. முடிச்சிட்டு எங்களுக்கு எழுதுனாரு, அந்த அம்மா ஆரம்பத்துல கதவோட இடது பக்கம் உக்காந்திருந்தாங்க, கடைசியில வலது பக்கம் உக்காந்திருக்காங்களே, அப்ப அவங்க காத்துக்கிட்டு இருக்குறத நிறுத்திட்டாங்களான்னு. ஆறேழு திரைப்பட விழாவுல அந்தப் படம் போட்டு, ஒவ்வொரு ஷோ முடிஞ்சதும் கேள்வி நேரம் வெச்சோம், ஒருத்தர் கூட அதக் கேட்கல. டைரக்டர் அந்த மெசேஜ அவ்வளவு தடவ படிச்சாரு. அந்த ராத்திரி ஷிஃப்ட்காரருக்குப் பொறுமை இல்லன்னு யாரு சொல்ல முடியும்? அவருக்கு இல்லாதது நேரம், தியேட்டருக்கு வர்ற வாய்ப்பு. டிஜிட்டல் இல்லாட்டி அவருக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே வந்திருக்காது. அதுல இருந்து நான் சப்டைட்டில் போடுறப்ப போன் ஸ்கிரீன்ல வெச்சும் ஒரு தடவ படிச்சுப் பாக்குறேன், ஒரு வரியில எழுத்தக் கொறைக்கிறேன், ரெண்டு வரிக்கு மேல போக விடுறதில்ல. காது கேக்காதவங்களுக்கு சத்தத்தையும் எழுதிப் போடுறேன், வண்டி போகுது, கதவு அசையுதுன்னு. இதெல்லாம் பழைய பிரிண்ட் காலத்துல நெனச்சுப் பாக்க முடியாத விஷயம், ஃபிலிம் மேலேயே எழுத்தப் பொறிச்சிடுவாங்க, ஒரு பிரிண்ட்டுக்கு பெரும்பாலும் ஒரு மொழிதான். இப்ப ஒரே படத்துக்கு இருபது மொழி சப்டைட்டில் தனித்தனி ஃபைலா போகுது, ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்ன ஃபைல்தான்.

ஒரு சின்ன விஷயம், கேக்க அற்பமாத் தெரியலாம். படம் முடிஞ்சு டைட்டில் ஓட ஆரம்பிச்ச உடனே சில பிளாட்ஃபார்ம்ல திரை சுருங்கி மூலைக்குப் போயிடும், அடுத்து இதப் பாருங்கன்னு வேற படம் வந்துரும். சின்னப் படத்துல பாதி பேரு சம்பளம் வாங்காம வேலை பாத்தவங்க. அவங்களுக்குக் கெடச்ச ஒரே கூலி அந்தப் பேரு. அதையும் அஞ்சு செகண்டுல மூலையில தள்ளுறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

படம் அங்கயே இருக்கும்னும் நெனச்சிடாதீங்க. நெட்ஃபிளிக்ஸ் 1998-ல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் தபால்ல டிவிடி அனுப்புனாங்க, மொத்தம் 520 கோடிக்கு மேல டிஸ்க். டிஸ்க்க காசு குடுத்து வாங்கிட்டா அமெரிக்கச் சட்டப்படி வாடகைக்கு விட யாரு அனுமதியும் வேண்டாம், அதனால எந்த மூலையில வந்த படமா இருந்தாலும் ஒரு டிஸ்க் அலமாரியில கெடக்கும். ஸ்ட்ரீமிங்ல லைசென்ஸ் முடிஞ்சா படம் காணாம போயிடும். ஃபிலிம்ஸ்ட்ரக்னு நல்ல நல்ல படமா வெச்சிருந்த ஒரு சர்வீஸ் ரெண்டே வருஷத்துல, 2018 நவம்பர்ல மூடுனாங்க, ஸ்கார்செஸி மாதிரி பெரிய டைரக்டர்களே மூட வேண்டாம்னு கேட்டுக்கிட்டும் நிக்கல. அப்புறம் 2019-ல, நல்ல படங்கள டிஸ்க்ல வெளியிடுற கிரைட்டீரியன் கம்பெனி தனியா ஒரு சர்வீஸ் ஆரம்பிச்சு அதுல கொஞ்சத்தக் காப்பாத்துனாங்க. அது அமெரிக்கா, கனடா மட்டும். எல்லா காப்பிக்கும் மூலமான மாஸ்டர் ஃபைல் கதை இதவிட மோசம், நான் பாத்த வரைக்கும் சின்னப் படத்தோட மாஸ்டர் பெரும்பாலும் டைரக்டர் வீட்டு பீரோவுல ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருக்கும். ஃபிலிம் நெகட்டிவ குளிரான எடத்துல வெச்சா நூறு வருஷம் கூடத் தாங்கும், ஹார்ட் டிஸ்க் பத்து வருஷம் தாங்குனா அதிர்ஷ்டம். ஆஸ்கர் குடுக்குற அகாடமியே 2007-ல இதப் பத்தி எச்சரிக்கை பண்ணி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க, 2012-ல இண்டிபெண்டென்ட் ஆளுங்களுக்காகவே இன்னொண்ணு. இத்தன வருஷம் ஆச்சு, என்கிட்ட மாசம் ஒரு போனாவது வருது, அண்ணே அந்தப் படத்தோட காப்பி உங்ககிட்ட இருக்கான்னு.

நான் ஏன் இவ்வளவும் உங்களுக்கு எழுதுறேன்னா, விநியோகம்ங்குற வேலையில ரெண்டு பங்கு உண்டு. ஒண்ணு சுமந்துட்டுப் போறது, இன்னொண்ணு எடுத்துச் சொல்றது. சுமக்குற வேலைய டிஜிட்டல் கிட்டத்தட்ட செலவே இல்லாம ஆக்கிருச்சு. எடுத்துச் சொல்ற வேலை அப்படியேதான் கெடக்கு, சொல்லப் போனா பாரம் கூடிருச்சு, ஏன்னா வர்ற படம் பல மடங்காயிருச்சு. அல்காரிதம் பாத்துக்கும்னு சொல்றாங்க. ஏற்கனவே பத்து பேரு பாத்தத வெச்சுத்தான் அது பதினோராவது ஆளுக்குக் காட்டும், அந்த மொதப் பத்து பேர எங்க இருந்து கொண்டுவர்றது? முபின்னு ஒரு ஸ்ட்ரீமிங் சர்வீஸ் ஒரு காலத்துல ஒரு நல்ல காரியம் பண்ணுனாங்க, ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம், மனுஷங்க உக்காந்து தேர்ந்தெடுத்தது, 30 நாள் இருக்கும், அப்புறம் போயிடும். எடம் கம்மியா வெச்சதால ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நாள் அதுக்குன்னு கெடச்சுது. 2020-ல தியேட்டர் எல்லாம் மூடுனப்ப சில இண்டிபெண்டென்ட் டிஸ்ட்ரிபியூட்டர்கள் மூடிக் கெடந்த தியேட்டரோட வெப்சைட் வழியாவே டிக்கெட் வித்து, வந்த காசுல தியேட்டருக்கும் பங்கு குடுத்தாங்க. அந்தத் தியேட்டர் மேல நம்பிக்கை வெச்சிருந்தவங்க, அவங்க போடுற படம்னா நல்லா இருக்கும்னு வாங்கிப் பாத்தாங்க. அங்கயும் வேலை செஞ்சது டெக்னாலஜி மட்டும் கெடையாது, அந்த நம்பிக்கையும்தான்.

உங்க பத்திரிகை மேலயும் ஜனங்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கு. ஆனா உங்க சினிமா பக்கம் இன்னும் வெள்ளிக்கிழமைய சுத்தியே ஓடுது. தியேட்டர்ல எறங்குனாத்தான் விமர்சனம், இல்லன்னா பெரிய ஓடிடி-யில பெரிய நடிகர் படம் வரணும். நேரா நெட்ல வர்ற சின்னப் படத்துக்கு வெள்ளிக்கிழமை கெடையாது, ரிலீஸ் தேதி இல்லாததால அது செய்தியே ஆகுறதில்ல, செய்தி ஆகாததால யாருக்கும் தெரியறதில்ல. நான் போன வருஷம் வேலை பாத்த ஆறு படத்துல ஒண்ணப் பத்திக் கூட எந்தப் பத்திரிகையிலயும் ஒரு வரி வரல, மோசம்னு கூட யாரும் எழுதல. திட்டி எழுதுனா கூட மவுத் டாக் கெளம்பும், எழுதவே இல்லன்னா என்ன பண்றது.

பெருசா ஒண்ணும் கேக்கல. வாரம் ஒரு படம், ஞாயிறு இணைப்புல ஒரு கால் பக்கம், உங்க விமர்சகர் பாத்துட்டு மனசுல பட்டத எழுதட்டும், நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே எழுதட்டும். கீழ ஒரே ஒரு வரி, எங்க கெடைக்கும், எத்தன நிமிஷம், எந்தெந்த மொழியில சப்டைட்டில் இருக்கு. அந்த ஒரு வரிதான் முக்கியம், அது இல்லாம எழுதுனா படிச்சவங்க தேடிக் களைச்சுப் போயிடுவாங்க. படம் எப்ப வந்துச்சுன்னு பாக்காதீங்க, மூணு வருஷம் முன்னாடி வந்ததா இருந்தாலும் பரவாயில்ல, பாக்காதவங்களுக்கு அது புதுப் படம்தான். பாக்குறதுக்கு லிங்க் வேணும்னா என் மாதிரி டெலிவரி வேலை பாக்குறவங்களக் கேளுங்க, பாஸ்வேர்டோட அன்னைக்கே அனுப்பிடுவோம். அந்த அம்மா கதவோரமா உக்காந்திருக்குற படத்தையே மொதல்ல அனுப்புறேன், மொத மூணு நிமிஷத்துக்கு மட்டும் போன கீழ வெச்சிடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
சின்னப் படங்களுக்கு சப்டைட்டிலும் டெலிவரியும் பண்ற உங்க வாசகர்